சீனி வருத்தம் உள்ளவரின் பாதங்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

அம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்காகத் திருகோணமலையில் உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் அள்ளி ஊற்றினால் இதமாக இருக்கும், அடுத்ததில் அள்ளினால் உடம்பு ஒரு தரம் துள்ளும். எந்தக் கிணறு கூடச் சூடு என்று கண்டுபிடிப்பது சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அன்றைக்கு அப்பா ஏழிலும் அள்ளிக் காலில் ஊற்றிவிட்டு, "எல்லாம் ஒரே தண்ணிதான் பிள்ளை, முந்தின மாதிரி இல்லை" என்றார். அம்மாவை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

ஊற்றில் ஒரு மாற்றமும் இல்லை. சூடு எது, குளிர் எது என்று பிரித்துச் சொல்ல அப்பாவின் காலுக்குத்தான் முடியாமல் போயிருந்தது. அப்போது அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து 14 வருடம்.

அடுத்த அறிகுறியையும் தவறவிட்டோம். கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். மற்றது வழியில் கழன்றது தெரியாமலே நடந்திருக்கிறார். வயது போனால் மறதி வரும்தானே என்று நினைத்தோம். மூன்றாவது, ஆடி மாதம். கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாட்கள். மத்தியானப் பூசைக்குப் போய், வெறுங்காலோடு கோயில் வீதியைச் சுற்றிவிட்டு வந்து மாலையில் திண்ணையில் இருந்தார். விறாந்தையின் சிவப்புச் சீமெந்துத் தரையில் வட்ட வட்டமாக ஈரம். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார் என்று துணியை எடுத்துக்கொண்டு போனேன். ஈரம் ஒரு காலடி இடைவெளி விட்டு விட்டு வாசலில் இருந்து அவர் இருந்த இடம் வரைக்கும் வந்திருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் முன்பாதத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிய கொப்புளம், உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. "நோகுதா அப்பா?" என்று கேட்டேன். "எங்கே?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தப் புண் ஆற ஒன்பது கிழமை எடுத்தது. அந்த ஒன்பது கிழமையில் கிளினிக்கிலும் மருந்து கட்டும் அறையிலும் நான் கேட்டுப் பழகியதை எழுதுகிறேன். வீட்டில் சீனி வருத்தம் உள்ள ஒருவர் இருந்தால், இன்றைக்கு இரவே தொடங்கக்கூடிய வேலை இது.

கால் ஏன் முதலில் கெடுகிறது

இரத்தத்தில் சீனி நெடுநாள் கூடி நின்றால் நரம்புகள் பழுதாகும். மிக நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். இடுப்பில் இருந்து கால்விரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீற்றர் ஓடும் நரம்பு அது. அதனால்தான் விறைப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. சிலருக்கு இரவில் எரிவு, ஊசி குத்துவது போன்ற உளைவு. சிலருக்கு ஒன்றுமே இருக்காது. எரிவு உள்ளவர் டொக்டரிடம் போவார். ஒன்றும் தெரியாதவர் போகமாட்டார், அவருக்குத்தான் ஆபத்து கூட.

வியர்வையை நடத்தும் நரம்பும் சேர்ந்து கெடுவதால் பாதம் காய்ந்து குதிக்கால் வெடிக்கும். இரத்தக் குழாயும் ஒடுங்கினால் புண் ஆறத் தேவையான இரத்தம் வந்து சேராது. பீடியோ சுருட்டோ குடிப்பவருக்கு இந்த ஒடுக்கம் இன்னும் கூடும். அப்பா கரைவலை இழுத்த காலம் முழுக்கச் சுருட்டோடு இருந்தவர். புண்ணுக்கு மருந்து கட்டிய மூன்றாம் நாள் நிறுத்தினார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இன்னொன்று. சீனிக்குக் கொடுக்கும் மெட்போர்மின் குளிசையைப் பல வருடமாக எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். அதுவும் காலை விறைக்க வைக்கும். விறைப்பு என்று சொல்லும்போது பி12 பார்க்க வேண்டுமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டில் பார்க்க

கிளினிக்கில் ஒரு நைலோன் இழையை வைத்துப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரிச் செய்த இழை. வீட்டில் அது இல்லாவிட்டால் பரவாயில்லை, உங்கள் சுட்டுவிரல் போதும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு சோதனை இருக்கிறது, அதைச் செய்ய இரண்டு நிமிடம் போகாது.

அவரைப் படுக்க வையுங்கள், அல்லது காலை நீட்டி இருக்கச் சொல்லுங்கள். எது வலது, எது இடது என்று முதலில் ஒரு தரம் தொட்டுக் காட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியைப் பூப்போல ஒரு விநாடி, கூடினால் இரண்டு விநாடி தொடுங்கள். வலது பெருவிரல், வலது சின்னவிரல், பிறகு இடது பெருவிரல், இடது சின்னவிரல், அதன்பின் வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் "வலது" அல்லது "இடது" என்று அவர் சொல்ல வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, தட்டக் கூடாது. சொல்லவில்லை என்றால் அதே விரலை மறுபடி தொட வேண்டாம், அடுத்ததுக்குப் போங்கள். ஆறில் இரண்டோ அதற்குக் கூடவோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கிளினிக்கில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஆறில் ஒன்றுதான் தெரிந்தது. நான் தொட்டு முடித்து எழும்பிய பிறகும் கண்ணை மூடிக்கொண்டு "தொடன் பிள்ளை, ஏன் சும்மா இருக்கிறாய்?" என்று கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இரவுப் பார்வை

எங்கள் வீட்டில் இது சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கைக்கு முன். பத்து நிமிடம். தொடக்கத்தில் அப்பாவுக்குப் பெரிய கூச்சம். பெற்ற பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, காலைத் தூக்கி மடியில் வைப்பதா என்று இழுத்துக்கொள்வார். "நீங்கள் எனக்கு முள் எடுத்துவிட்ட கால் எத்தனை அப்பா?" என்று கேட்டேன். பிறகு தாமாகவே நீட்டத் தொடங்கினார்.

தேவையானது நல்ல வெளிச்சம், ஒரு பழைய வெள்ளைத் துவாய், ஒரு வாளித் தண்ணீர். கழுவும் தண்ணீர் சும்மா கிணற்றுத் தண்ணீராக இருக்கட்டும். மழை நாளில் சுடவைத்தால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், அவருடைய காலை விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பது, உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது இரண்டும் வேண்டாம். ஊறின தோல் இலகுவில் கிழியும்.

கழுவியதும் துடைப்பதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியை விட்டு ஒற்றி எடுங்கள். மாரி தொடங்கினால், ஐப்பசியில் இருந்து தை வரைக்கும், எங்கள் பக்கத்தில் நிலமே காயாது. இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி, அரித்து, சேற்றுப்புண் வரும். அந்தச் சின்ன வெடிப்பால் கிருமி உள்ளே போனால் முழங்கால் வரைக்கும் வீங்க எத்தனையோ நாள் தேவையில்லை. எங்கள் பக்கத்து வீட்டு உம்மா ஐந்து நேரமும் வுழுச் செய்து காலைக் கழுவுகிறவர். அவருக்கும் சீனி. இப்போது வுழுச் செய்யும் இடத்தில் ஒரு சின்னத் துணியைக் கொழுவி வைத்து, ஒவ்வொரு தரமும் இடுக்கைத் துடைத்துவிட்டுத்தான் தொழுகைக்குப் போகிறார்.

அதன் பிறகு பார்வை. மேல்பாதம், விரல் நுனி, ஒவ்வோர் இடுக்கையும் விரித்து, பிறகு உள்ளங்கால், கடைசியாகக் குதிக்கால். என்ன தேடுகிறோம்? சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, புதுக் கறுப்பு, நகத்தைச் சுற்றி வீக்கம், முள், கண்ணாடித் துண்டு, ஊரி (சிப்பி ஓடு). தடிப்புத் தோலின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தால் அடியில் புண் இருக்கலாம். கரைவலை இழுத்த கால்களில் தடிப்பு நிறைய. மேலே பார்த்தால் கல்லுப்போல் இருக்கும், உள்ளே சிதைந்திருக்கும்.

பார்த்து முடிந்ததும் உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வையுங்கள். ஒன்று மற்றதை விடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அது ஏதோ சொல்கிறது. புண் ஒன்றுமே இல்லாமல், நோவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடானால், உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். ஷார்கோ பாதம் என்று டொக்டர்கள் சொல்வார்கள். அப்படி என்றால் அந்தக் காலை நிலத்தில் ஊன்ற விடாமல் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நோகவில்லை என்று நடந்தால் பாதத்தின் வளைவே இடிந்துபோகும்.

கடைசியில் வசலினோ தேங்காய் எண்ணெயோ மெல்லிசாக, குதிக்காலிலும் உள்ளங்காலிலும். இடுக்கில் மட்டும் வேண்டாம், அது காய்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் பூசின காலோடு எழும்பி நடந்தால் வழுக்கும், ஆகவே படுக்கையில் இருத்தித்தான் பூசுவேன்.

தனியாக இருப்பவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடித்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவராக இருந்தால் அது போதாது, அயலில் ஒருவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

நித்திரை கொள்ளும் இடத்தையும் சொல்ல வேண்டும். பாயில் படுப்பவரின் விறைத்த காலை எலி கடித்தாலும் அவர் எழும்பமாட்டார். கேட்கவே பயங்கரமாக இருக்கும், ஆனால் நடக்கிறது. காலைக் கழுவித் துடைத்துச் சாப்பாட்டு வாசம் இல்லாமல் படுக்க வையுங்கள். கட்டிலும் நுளம்பு வலையும் இருந்தால் நல்லது.

நகமும் ஆணியும்

குளித்த பிறகு நகம் மெதுவாக இருக்கும்போது நேராக வெட்டுங்கள். மூலையை வளைத்து உள்ளே தோண்டக் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. கூராக நிற்கும் ஓரத்தை அராவிவிட்டால் போதும். மஞ்சளாகத் தடித்து வளைந்த நகத்தைக் கிளினிக்கில் காட்டுங்கள், வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

பாதத்தில் தோல் தடித்து வரும் ஆணியைப் பிளேட்டால் செதுக்குவது எங்கள் ஊரில் பரம்பரைப் பழக்கம். அதைவிடப் பொல்லாதது ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பிளாஸ்டர். அதில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. உணர்ச்சி உள்ளவன் எரியத் தொடங்கினதும் கழற்றுவான். அடுத்த தெருவில் ஓர் ஐயா, ஒரு மருந்துக்கடையில் கொடுத்தார்கள் என்று வாங்கி ஒட்டிக் காலுறை போட்டு நான்கு நாள் விட்டார். கடையில் அவரிடம் சீனி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய சின்னவிரல் இப்போது இல்லை.

செருப்பும் கோயிலும்

வீட்டுக்குள்ளும் செருப்பு. இதை ஏற்க வைக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. "மணலில் பிறந்தவனுக்குச் செருப்பா?" என்பார். உள்ளே போடுவதற்கென்று தனியாக ஒரு சோடி வாங்கி, படியைத் தாண்டாமல் வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

விரலிடுக்கில் வார் போகும் றப்பர்ச் செருப்பு விறைத்த காலுக்கு ஏற்றதல்ல. வார் உரசிப் புண்ணாக்கும், கழன்றாலும் தெரியாது. பின்பக்கம் வார் உள்ள, இறுக்கித் தளர்த்தக்கூடிய, அடித்தட்டு தடித்து உறுதியாகவும் உட்தட்டு மெத்தென்றும் இருக்கும் செருப்பைத் தேடுங்கள். வளைத்தால் இரண்டாக மடிகிற தட்டு வேண்டாம். வாங்குவது மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில். கடைக்கு வர முடியாதவர் என்றால் மாலையில் அவரைக் கடதாசி மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். அந்தக் கடதாசியைச் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். ஓரம் மடிந்தால் அது ஒடுக்கம். பொருந்துகிறதா என்று அவரைக் கேட்டுப் பயனில்லை, விறைத்த காலுக்கு இறுக்கமான செருப்புத்தான் சரியாக இருக்கிற மாதிரித் தெரியும். புதுச்செருப்பை முதல் நாள் அரை மணித்தியாலம் போடவிட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம்.

காலில் போட முன் ஒவ்வொரு தரமும் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கடற்கரையில் இருந்து வந்த செருப்பில் ஊரி இருக்கும், மாரியில் தேரைக்குஞ்சு இருக்கும்.

கோயில்தான் எங்களுக்குப் பெரிய கேள்வி. கோணேசர் கோயிலுக்குப் பாறை ஏறிப் போகாமல் அப்பாவால் இருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லும் மனமும் எனக்கு இல்லை. ஆகவே நேரத்தை மாற்றினோம். வெயில் ஏற முன், காலைப் பூசைக்கு. இல்லாவிட்டால் பொழுது பட்ட பிறகு. வாசல் வரைக்கும் செருப்பு. எங்கள் குறிச்சிக் கோயிலில் வெள்ளைப் பருத்திக் காலுறை போடலாமா என்று ஐயரிடம் கேட்டேன். தோல் இல்லைத்தானே, போடட்டும் என்றார். உங்கள் கோயிலிலும் கேட்டுப் பாருங்கள். வெள்ளை என்பதில் இன்னொரு பயன் உண்டு, எங்காவது கசிந்தால் உடனே கறை தெரியும். வீடு வந்ததும் காலைப் பார்ப்பது, இரவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தீமிதிப்பு நேர்த்தி, வெயிலில் காவடி, கற்பூரச்சட்டி எடுத்து வெறுங்காலோடு நடப்பது ஆகியவற்றுக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அதே நேர்த்தியை அன்னதானமாகச் செய்தோம்.

புண்ணைக் கண்டால்

சின்னது, பெரியது என்று பார்க்க வேண்டாம். ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான கோஸ் துணியால் மூடி, அந்தக் காலில் நடக்காமல் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் காட்டுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். மஞ்சள், சாம்பல், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். எங்கள் பெரியம்மா நல்ல மனதோடுதான் கோப்பித்தூள் கொண்டுவந்தார். அதைக் கழுவி எடுக்க மருந்து கட்டும் அறையில் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சீழ், நாற்றம், விரல் கறுத்தல், சிவப்பு மேலே ஏறுதல், காய்ச்சல், நடுக்கம் என்றால் விடியும் வரைக்கும் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு. காய்ச்சல் இல்லாமலும் கிருமி பரவும். சாப்பாடும் குளிசையும் வழமைபோல் இருக்க, குளுக்கோமீற்றரில் சீனி மட்டும் காரணமில்லாமல் ஏறினால் காலைத் திரும்பப் பாருங்கள், எங்கோ கிருமி இருக்கலாம்.

மருந்து கட்டுவது பாதி வேலைதான், மற்றப் பாதி அந்த இடத்தில் பாரம் படாமல் வைப்பது. அப்பாவின் கொப்புளம் முதல் நான்கு கிழமை ஆறவே இல்லை. மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு நேர்ஸ் மிஸ், "இவர் கழிவறைக்குப் போகும்போது எப்படிப் போகிறார்?" என்று கேட்டார். நடந்துதான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணச் சொன்னார், எண்ணினேன், பதினொன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையும் சட்டியும் வைத்தோம், மற்ற நேரத்துக்கு ஊன்றுகோல். ஐந்தாம் கிழமையில் இருந்து ஓரம் இளஞ்சிவப்பாகச் சுருங்கத் தொடங்கியது.

சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவருக்கு டொக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம். உங்களவருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

கிளினிக் நாளில் கூட்டம் கூட. டொக்டர் குளிசையை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார், காலைப் பார்க்க நேரம் இருக்காது. வருடத்தில் ஒரு தரமாவது பாதம் முழுக்கச் சோதிக்க வேண்டும், உணர்ச்சி குறைந்தவருக்கும் முன்பு புண் வந்தவருக்கும் அதைவிட அடிக்கடி. அதனால் நாங்கள் கூப்பிட முன்னமே ஆயத்தமாகிவிடுவோம். இலக்கம் நெருங்கும்போது அப்பா குனிந்து வாரைத் தளர்த்தி, காலுறையைக் கழற்றிச் சுருட்டிச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் பாதத்தைச் செருப்பின் மேல் வைத்தபடி வாங்கில் இருப்பார்.